நைனாவின் கையும் குப்பைமேனியும்

என் வயசுக்காரிகளுக்கு இதை எழுதுகிறேன். சின்னவங்க படித்தாலும் சரிதான். ஆனால் உங்களுக்குத்தான் பாதி சொன்னால் மீதி புரியும்.

நம்ம மகளிர் குழுவில் இப்போ பச்சிலை சோப்பு போடுகிறார்கள் இல்லையா, காலடிப்பேட்டைக் கூடத்தில். சோப்போடு சேர்த்துக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கப் போகிறார்களாம். வயசானவர்கள் ஆளுக்கு ஓர் இலையைப் பற்றி, அது தோலுக்கு என்ன நல்லது செய்யும் என்று எழுதித் தரவேண்டுமாம். ஒருத்திக்குக் கற்றாழை, ஒருத்திக்கு வேப்பிலை என்று பிரித்துக் கொடுத்தார்கள். எனக்குக் குப்பைமேனி வந்தது. நான் கூட்டத்தில் பின்னாடி சுவரோரம் உட்காருகிறவள். வேண்டாம் என்று எழுந்து சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். இன்னொன்று, எங்க வீட்டில் "அம்மா வந்தது, நைனா போனது" என்றுதான் பேசுவோம். நைனா என்றால் எங்க அப்பா. மரியாதைக் குறைச்சல் இல்லை, ஒட்டுதல். அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். குப்பைமேனி தோலுக்கு நல்லது. பின்னாடி நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு யாரும் அந்தச் செடியைத் திட்டக்கூடாது. இலையைக் கிள்ளிக் கழுவி, கல்லுப்பு வைத்து அம்மியில் மைய அரைத்து, சொறி, சிரங்கு இருக்கிற இடத்தில் பூசிக் காயவிட்டுக் குளிக்கவேண்டும். மேலோட்டமான புண்ணுக்கு மஞ்சளும் சேர்க்கலாம். வயசுப் பெண்களுக்கு மேலுதட்டில் பூனைமுடி இருந்தால் உப்பு இல்லாமல் மஞ்சளோடு பூசுவார்கள். இதெல்லாம் பொய் இல்லை. எனக்கே ஆறியிருக்கிறது.

அப்போ நாங்கள் திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டின லைன் வீட்டில் இருந்தோம். ஒரே நீளக் கூரை, வரிசையாகக் கதவுகள். உப்புக்காற்றில் தாழ்ப்பாள் துரு ஏறி, திறக்கும்போதெல்லாம் கையில் செம்மண் மாதிரி ஒட்டும். காற்று கடலில் இருந்து வந்தால் மீன் வாசனை, எண்ணூர் கம்பெனிகள் பக்கமிருந்து வந்தால் தொண்டையில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு நெடி. துணி காயப்போட எந்தக் காற்று என்று பார்த்துத்தான் போடுவோம்.

மூன்றாவது படிக்கும்போது எனக்கு விரல் இடுக்கில் சிரங்கு வந்தது. டீச்சர் என்னை வகுப்புக்கு வெளியே தண்ணிப் பானை பக்கத்தில் உட்கார வைத்தார். "ஆறினப்புறம் உள்ளே வா" என்றார். பிள்ளைகள் தண்ணி மொள்ள வரும்போதெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போகும். நான் ஒன்றும் பேசமாட்டேன். அப்போதிருந்தே அப்படித்தான்.

அம்மா தண்டவாளத்து ஓரம் போய் மடி நிறையக் குப்பைமேனி பிடுங்கி வந்தது. அந்தச் செடியை வேரோடு பிடுங்கினால் பூனைகளுக்கு எங்கிருந்தோ தெரிந்துவிடும். வேரை முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, மல்லாந்து புரளும். அம்மா முன்னாடி நடக்க, பின்னாடி வால் தூக்கிக்கொண்டு பூனைகள் வரும். லைன் வீட்டுப் பொம்பளைகள் எல்லாம் சிரிப்பார்கள். "இன்னாமே, ஊர்வலமா?" என்பார்கள். அம்மா திரும்பிப் பார்த்து, "கொடி புடிக்கத்தான் ஆள் இல்ல" என்று சொல்லும்.

அரைத்துப் பூசினால் உப்பு எரியும். வெயிலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பேன். பச்சை காய்ந்து தோலை இழுக்கும், அதன் கசப்பு வாசனை சோற்றில் கூட இருக்கும். கொஞ்ச நாளில் ஆறிவிட்டது. டீச்சர் என் கையைத் தொடாமல் அடிஸ்கேலால் புரட்டிப் பார்த்து, "போய் உட்காரு" என்றார். வீட்டில் சொன்னதும் அம்மா அம்மியைத் தொட்டுக் கும்பிட்டது. வீட்டில் மாதா படம் இருக்கிறது, அம்மியைக் கும்பிடுகிறாயே என்று நைனா கேலி பண்ணியது. அன்றைக்கிலிருந்து அம்மாவுக்கு மாதாவுக்கு அடுத்தபடி அந்தச் செடிதான்.

நைனாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னாடி நைனா காசிமேட்டில் என் மாமாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமா அம்மாவுடைய அண்ணன். அம்மாவைப் பெற்றவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. கல்லறையில் வைக்க ஒன்றுமில்லாமல் வெறும் சிலுவை நட்டார்கள். அதனால் அம்மா தாலி கட்டிக்கொள்ளும் முன்னாடியே சொல்லிவிட்டதாம், தரையில் வேலை பார்க்கிற ஆளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று. நைனா அதற்காகவே கடலை விட்டுக் கம்பெனியில் சேர்ந்தது.

பேரை எல்லாம் விடுங்கள். நாங்கள் மஞ்சப்பொடிக் கம்பெனி என்போம். தோல் ஷாப்புகளுக்குப் போகிற பொடி அது. மாட்டுத்தோலைப் பதம் பண்ணி, அழுகாமல், கெட்டியாக ஆக்குகிற பொடி. நைனா அதை மண்வெட்டியால் அள்ளி டிரம்மில் போடும். கையில் உறை கிடையாது. வாய்க்குத் துண்டு. வீட்டுக்கு வந்தால் காது மடல், நகக்கண், பனியன் எல்லாம் மஞ்சள். அம்மா அந்தப் பனியனைத் தனித் தொட்டியில் ஊற வைத்துக் கசக்கும். தண்ணி சாமந்திப்பூ நிறத்தில் வரும். அழகாக இருக்கும். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதில் காகிதத்தைத் தோய்த்துக் காயவைப்போம்.

நைனா கையில் ஓட்டை வந்தது. முதலில் ஊசி குத்தின மாதிரி, பிறகு பட்டாணி அளவு, ஓரம் தடித்து நடுவில் குழி. அதிகம் வலிக்காது என்று நைனா சொல்லும். ஆனால் ஆறவே ஆறாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மீன் கொண்டுவந்தார். நைனா கையைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, எலி கட்ச்சா மாறி கீது?"

"எலி இல்ல மச்சான். கம்பெனி கட்ச்சிக்கினு கீது."

"வாயக் கழுவுங்க ரெண்டு பேரும்" என்றது அம்மா. "கம்பெனி இன்னா பண்ணும்? உடம்பு சூடு. ராவும் பகலும் கருவாடு துன்னா கை இப்டித்தான் ஆவும்."

அன்றோடு எங்கள் வீட்டில் கருவாடு நின்றது. கத்திரிக்காய் நின்றது. சொறி பிடித்தவர்களுக்கு அது இரண்டும் ஆகாது என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நைனாவுக்கு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர். ஆனாலும் ரசத்தைப் பிசைந்துகொண்டது.

அம்மா பச்சிலை பூச ஆரம்பித்தது. எனக்குப் பூசினது மேல்தோலில். நைனாவுக்கு அந்தக் குழியில் உப்போடு வைத்து அழுத்தும். நைனா துண்டைக் கடித்துக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். பிறகு பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டும். அந்தக் கட்டோடுதான் நைனா மறுநாள் டூட்டிக்குப் போகும். சாயங்காலம் வரும்போது பச்சைத் துணி மஞ்சளாகி இருக்கும். அதை அவிழ்த்துக் கொல்லைப்பக்கம் வீசிவிட்டு அம்மா புதுசு கட்டும்.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மா இருந்தது. பூனைக்காரம்மா என்று கூப்பிடுவோம். அதன் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான், அதே பொடி ஷெட். பிள்ளை இல்லாத அம்மா, ஒரு வெள்ளைப் பூனையை மடியில் போட்டு வளர்த்தது. நாங்கள் வீசின துணியில் குப்பைமேனி வாசனை இருக்கும் இல்லையா, அந்தப் பூனை வந்து துணியை இரண்டு முன்காலாலும் கட்டிக்கொண்டு நக்கும். தினமும் சாயங்காலம் அதே வேலை. பார்க்க வேடிக்கையாக இருக்கும். கொஞ்ச நாளில் அதன் முகவாய் முடி மஞ்சளாச்சு. பிறகு சோறு எடுக்காமல் சுருண்டு படுத்தது. ஒருநாள் காலையில் சாக்கடை ஓரம் வாயில் நுரையோடு கிடந்தது.

பூனைக்காரம்மா எங்கள் வாசலில் வந்து நின்றது.

"என் பூனைக்கு இன்னாமே வெச்ச?"

"நான் இன்னாத்துக்கு வெக்கிறேன்? மாதா மேல சத்தியமா ஒண்ணும் வெக்கல."

"உன் வூட்டுப் பின்னாலதான் போயிக் குந்தும். உன் மீனத் துன்னுட்சின்னு எலி மருந்து வெச்சிருக்க."

"இன்னா பேச்சு பேசற நீ? வாயில்லா ஜீவனுக்கு நான் மருந்து வெப்பனா?"

"புள்ள பெத்தவளுக்குப் பூன அருமை தெரியாது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பூனையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. லைனில் பாதிப் பேர் அம்மா பக்கம், பாதிப் பேர் அந்த அம்மா பக்கம். எல்லாரும் எலி மருந்தைப் பற்றியே பேசினார்கள். துணியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நானும் பார்த்தவள்தான். எனக்கும் தோன்றவில்லை. அது இலை வாசனைக்கு வந்த பூனை, இலையால் யாருக்கு என்ன ஆகும்?

தீபாவளிக்கு முன்னாடி போனஸ் தகராறு வந்து கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மழைக்காலம். நைனாவும் லைனில் இருந்த மற்ற ஆட்களும் காலையில் கேட்டுக்கு முன்னாடி போய் உட்கார்ந்து கோஷம் போட்டுவிட்டு மத்தியானம் நனைந்துகொண்டு வருவார்கள். அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போனது. மாமா மீன் கொடுத்தனுப்புவார். வயிறு பாதி நிரம்பும். ஆனால் நான் சின்னப் பிள்ளையாக இருந்ததில் அதுதான் சந்தோஷமான காலம். நைனா பகலில் வீட்டில் இருந்தது. என் சிலேட்டில் படகு போட்டுக் கொடுத்தது.

மழைக்குக் குப்பைமேனி இடுப்பளவு வளர்ந்தது. அம்மா விடாமல் அரைத்தது. "இந்த வாட்டி வுட்டேனா பாரு" என்று அம்மியோடு பேசிக்கொண்டே அரைக்கும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் நைனா கையில் குழிகள் மேடேறின. ஓரத்துத் தடிப்பு உதிர்ந்து, ரோஜா நிறத்தில் புதுத் தோல் வந்தது. பனியன் துவைத்துத் துவைத்து அம்மா விரல்களிலும் அரிப்பு இருந்தது, அதுவும் போச்சு. நைனாவுக்கு இராத்திரியெல்லாம் வந்துகொண்டிருந்த இருமலும் நின்றது.

அம்மா கோயிலுக்குப் போகும்போது நைனா கையைப் பிடித்துக்கொண்டே போனது, எல்லாரும் பார்க்கட்டும் என்று. லைனில் இருந்த பொம்பளைகள் வரிசையாக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவரவர் வீட்டுக்காரர் கைக்கு இலை கேட்டு. அம்மா உப்புக்கு அளவு சொல்லும், எந்தப் பக்கத்துச் செடி நல்லது என்று சொல்லும். எல்லாருக்கும் ஆறியது. பூனைக்காரம்மா கடைசியாக வந்தது. வீட்டுக்காரரை முன்னாடி நிற்க வைத்து, தான் பின்னாடி நின்றது.

அம்மா அவர் கையைப் பார்த்தது. "உள்ள வாங்க" என்றது. அந்த அம்மாவைப் பார்த்து, "நீயும்தான். வெளிய நின்னுகினு மழயில நனையாத" என்றது. இரண்டு பொம்பளைகளும் அம்மிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அரைத்தார்கள். புதுசாக ஒரு குட்டிப் பூனை பிடுங்கிப் போட்ட வேரில் புரண்டது. அதை நக்கியது, கடித்தது, தூங்கியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போ எழுதும்போது எனக்கே தோன்றுகிறது, இதைவிட நன்றாக ஒருத்தருக்கு எப்படிச் சொல்லிக் காட்டமுடியும்? இலை அதே இலை. பூனையும் பூனைதான். இல்லாமல் போனது கம்பெனி ஒன்றுதான். ஆனால் வீட்டில் கைமேல் பலன் தெரியும்போது வேறு பக்கம் யார் பார்ப்பார்கள்? அம்மாவுக்கு அந்த மாதிரி ஊரே மதித்தது வாழ்க்கையில் அந்த ஒரு மழைக்காலம்தான்.

பொங்கல் கழிந்து கேட்டைத் திறக்கப் போவதாகப் பேச்சு வந்தது. மாமா அன்றைக்கே வந்தார்.

"மாப்ள, லாஞ்சுல எஞ்சின் பாக்க ஆள் வோணும். உனக்குத் தெரியாத வேல இல்ல. வந்துடு."

நைனா கையை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டது. பிறகு அம்மாவைப் பார்த்து, "இன்னாமே, போவட்டா?" என்றது.

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தது. கஞ்சி காலில் கொட்டினது கூடத் தெரியாமல் திரும்பியது.

"எங்க? கடலுக்கா?"

"இத்தினி நாளா மூச்சு முட்டல. கை நல்லா கீது. மறுபடியும் அந்தப் பொடியில கை வெக்க எனக்கு பேஜாரா கீதுமே."

"கை எதால நல்லா ஆச்சு? வூட்ல குந்திகினு இருந்ததாலயா? நான் அரைச்சேன், ஆச்சு. திரும்ப வந்தா திரும்ப அரைக்கிறேன்."

மாமா சொன்னார்: "தங்கச்சி, அரைச்சிக்கினே கெடப்பியா?"

"நான் சாவற வரைக்கும் அரைப்பேன்ணா. கைல புண்ணு வந்தா ஆத்திக்கலாம். எங்கப்பனுக்கு நீ எந்த எலய அரைச்ச? பூசறதுக்கு உடம்பக் குடுத்துச்சா உன் கடல்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். கொண்டுவந்த மீன் கூடையிலேயே இருந்தது. ஈ மொய்த்தது.

வாசலில் பூனைக்காரம்மாவின் வீட்டுக்காரரும் இன்னும் சில ஆட்களும் நின்றுகொண்டிருந்தார்கள். லைனில் நைனா கைதான் ரொம்ப மோசமாக இருந்த கை. நைனா என்ன முடிவெடுக்கிறதோ அதைப் பார்த்துத் தாங்களும் போகலாம் என்று இருந்தார்கள். நைனா அவர்களைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, மறுபடியும் தன் கையைப் பார்த்தது. புதுத் தோல் பளபளவென்று இருந்தது.

"அவ சொல்றதும் நாயந்தானே மச்சான்" என்றது. "ஆறிட்ச்சே."

அவ்வளவுதான். எல்லாரும் கலைந்து போனார்கள்.

விபூதி புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு நைனா டூட்டிக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. ஷெட்டு மேஸ்திரிக்கு இலை சமாச்சாரம் எட்டியிருந்தது. கை காட்டி லீவு கேட்கிற ஆட்களை எல்லாம், "அந்த அம்மா வூட்ல எல வாங்கிப் பூசு. லீவு இன்னாத்துக்கு?" என்று திருப்பி அனுப்பினாராம். நைனா அதைச் சொன்னபோது அம்மாவுக்குப் பெருமை. முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்தது.

தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வருவதற்குள் ஓட்டைகள் திரும்ப வந்துவிட்டன. அம்மா அசரவில்லை. வெயில் காலத்து இலையில் சத்து இல்லை என்றது. தண்டவாளத்து ஓரம் கருகினதும் கல்மண்டபம் பக்கம் தெரு தெருவாகத் தேடியது. அங்கும் கிடைக்காமல் கல்லறைத் தோட்டத்தில் போய்ப் பறித்தது. சிலுவைகளுக்கு நடுவில் தண்ணி ஊற்றுகிற இடத்தில் பச்சையாக இருக்கும். பறிக்கும் முன்னாடி யாருடைய கல்லறையோ அவர்களுக்கு ஒரு சிலுவை போட்டுக்கொள்ளும். தன் அப்பாவுடைய வெறும் சிலுவைக்குப் பக்கத்தில் மட்டும் பறிக்காது.

பிறகு மூக்கு. நைனா வலைநூலை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் எடுத்துக் காட்டும். நடுத்தண்டில் ஓட்டை விழுந்திருந்தது. நாங்கள் பிள்ளைகள் கை தட்டுவோம், இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று. ஷெட்டில் எல்லாரும் அந்த வித்தை காட்டுவார்களாம். மூக்கு ஓட்டையானால்தான் வேலை பர்மனெண்ட் என்று அங்கே ஒரு கிண்டல். அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு நூலைப் பிடுங்கி அடுப்பில் போட்டது. நூல் கருகின நாற்றம் வீடெல்லாம் அடித்தது. நைனா மட்டும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கு வாசனை தெரியாமல் போய் எவ்வளவு நாளாச்சோ.

அம்மா கையிலும் குழி விழுந்தது. நைனாவுடைய சொறி தனக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைத்தது. அரைக்க முடியவில்லை, கசக்க முடியவில்லை. அஞ்சாவது முடிந்ததும் என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார்கள். பனியனை நான் கசக்கினேன். இலையை நான் அரைத்தேன். என் இடது கை விரல் முட்டியில் ஒரு வட்டத் தழும்பு இருக்கிறது. போன வருஷம் கோயில் வளாகத்தில் நடந்த இலவச முகாமில் கண் காட்டப் போனபோது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல யாரும்மா, எங்க வேலை செஞ்சாங்க?" என்று கேட்டது. அந்தக் காலத்தில் நைனாவைப் பார்த்த நாட்டு வைத்தியர், ஆஸ்பத்திரி டாக்டர், கோயில் சாமியார், சொந்தக்காரர் எல்லாரும் என்ன சாப்பிட்டார் என்றுதான் கேட்டார்கள். எங்கே வேலை செய்தார் என்று கேட்ட முதல் ஆள் அந்தப் பெண். அது பிறப்பதற்கு முன்னாடியே நைனா போய்ச் சேர்ந்துவிட்டது.

நெஞ்சில் வியாதி வந்துதான் நைனா போச்சு. இருமி இருமி எலும்பாகி, பாயோடு கிடந்தது. பூனைக்காரம்மாவின் வீட்டுக்காரர் அதற்கு முன்னாடியே போய்விட்டார், அதே இருமல். கடைசி நாட்களில் ஒருநாள் நைனா என்னைக் கிட்டக் கூப்பிட்டது.

"அம்மாக்குத் தெரியாம நெத்திலிக் கருவாடு சுட்டுக் குடேன்."

"வாசனதான் தெரியாதே நைனா."

"பல்லுக்குத் தெரியும்" என்றது.

நான் போய்ச் சுட்டேன். கருவாடு சுட்ட வாசனை அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? வந்து நின்றது. என்னைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது. திட்டுமென்று பயந்தேன். தானே உட்கார்ந்து முள்ளை எடுத்து, துண்டு துண்டாகப் பிய்த்து நைனா வாயில் வைத்தது.

உடம்பை வீட்டில் கிடத்தியிருந்தபோது நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டாச்சு. பெட்டி வந்தாச்சு. நம்ம வழக்கப்படி இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து வைத்து ஜெபமாலை சுற்றவேண்டும். வருகிறவர்கள் முகத்துக்கு அடுத்தபடி கையைத்தான் பார்ப்பார்கள். கோயில் ஆள் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். சட்டைக்கையை இழுத்து மூடிப் பார்த்தார். மூடவில்லை.

அம்மா அதுவரைக்கும் அழாமல் மூலையில் இருந்தது. எழுந்து பூனைக்காரம்மாவிடம், "கொஞ்சம் எல பறிச்சிக்கினு வா" என்றது. எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். புத்தி பிசகிவிட்டது என்று மாமா என் காதில் சொன்னார். பூனைக்காரம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் போய்ப் பறித்து வந்தது. அம்மா என்னை அரைக்க விடவில்லை. துணி சுற்றின விரல்களாலேயே குழவியைப் பிடித்தது. நான் பழக்கத்தில் கல்லுப்புச் சட்டியை எடுத்து வைத்தேன். அதை ஓரமாகத் தள்ளிவிட்டது.

"உப்பு வோணாம். எரியும்."

மைய அரைத்து மஞ்சள் சேர்த்து, நைனா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு குழியாக நிரப்பியது. அவசரமே இல்லை. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். சாமியார் நின்றார். நிரப்பி முடித்ததும் விரலால் மேலே தடவிச் சமம் பண்ணியது. பிறகு அதுவே ஜெபமாலையை வாங்கிச் சுற்றியது.

அம்மாவுக்கு எப்போ தெரிந்தது, எவ்வளவு நாளாகத் தெரிந்துகொண்டே அரைத்தது, நான் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் எனக்கு ஏது? ஆனால் அன்றைக்கு அந்தக் கையை மூடி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது.

"இந்த வாட்டி ஆறிடும். இனிமே டூட்டி இல்ல."